பற்றாத நெருப்பு

தீயணைப்புப் பணியாளர் என்றதும் நம் மனக்கண்முன் எழும் காட்சி யாவரும் அறிந்ததே. சிவப்பு வண்டி, விடாது ஒலிக்கும் மணி, நெடிய ஏணி, புகையினூடே குழந்தையைத் தோளில் சுமந்து வெளிப்படும் ஒரு மனிதர். அவரை ஊர் போற்றுகிறது. அரசு பதக்கம் அளிக்கிறது. தகும். ஆயினும் அதே பயிற்சியைப் பெற்று, அதே காக்கி உடையை அணிந்து, முப்பது ஆண்டுகள் பணிபுரிந்து, பெயர் சொல்லத்தக்க தீ ஒன்றையேனும் அணைக்காமலேயே ஓய்வு பெறுகின்ற மனிதரும் உண்டு. தீ பற்றவில்லை, ஆகவே அணைக்கவில்லை. பற்றாமைக்குக் காரணமே அவர்தான். ஆனால் நிகழாத ஒன்றை எவ்வாறு சுட்டிக்காட்டுவது? நிகழாத விபத்து நாளேட்டில் வருவதில்லை. பிழைத்தவர் தாம் பிழைத்ததை அறியார். அறியாத ஒன்றுக்கு நன்றி கூறுவது எங்ஙனம்?

அத்தகைய ஒருவர் நம் பங்கில் இருக்கிறார். கப்பல் கட்டும் தளங்களில் தீத்தடுப்பு ஆய்வாளராகப் பல்லாண்டுகள் பணியாற்றிச் சில ஆண்டுகளுக்கு முன் ஓய்வு பெற்றவர். ஞாயிறு இரண்டாம் திருப்பலிக்கு வந்து, பக்கவாசலை ஒட்டிய கடைசி இருக்கையில் அமர்வார். அது கூச்சத்தினால் அன்று; கூட்டம் நிறைந்த இடத்தில் கதவு தாழிடப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளும் பழக்கத்தினால் என்பது பின்னரே நமக்குத் தெரிந்தது. தம் பெயரை எழுத வேண்டா என்றார். அவர் வேலை செய்த தளங்களின் பெயர்களும் இங்கே தேவையில்லை.

கடலே இல்லாத ஆவடிப் பக்கத்தில் கப்பல் வேலைக்காரரா என்று வாசகர் வியக்கலாம். இப்பகுதியின் வரலாறு அறிந்தோர் வியவார். 1960களில் ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலை எழுந்தது. போர்க்களத்து டாங்கிகள் அங்கே உருவாயின. அதே பத்தாண்டில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை வளர்ந்தது. இரும்பை வெட்டவும் வளைக்கவும் ஒட்டவும் அறிந்த கைகள் இங்கே பெருகின. தந்தையிடமிருந்து மகனுக்கும், ஐ.டி.ஐ.யிலிருந்து பட்டறைக்கும் அவ்வித்தை கைமாறியது. வெல்டிங் தெரிந்தவனுக்குத் தரையென்ன, கடலென்ன? இன்று நம் பங்கு இளைஞர்கள் சிலர் விடியுமுன்பே நெமிலிச்சேரியில் கம்பெனிப் பேருந்து ஏறி, வெளிவட்டச் சாலை வழியாக மீஞ்சூர் சென்று, அதற்கப்பால் கடலோரத்துத் தளங்களில் இறங்குகிறார்கள். கொச்சிக்கும் விசாகப்பட்டினத்துக்கும் சென்றோர் உண்டு. சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் போய், வீடு கட்டித் திரும்பியோரும் உண்டு. பூவிருந்தவல்லிக் குருமடத்தில் நாம் இறையியல் பயின்ற நாள்களில், இச்சாலைகளில் மிதிவண்டிகள் அணி அணியாய்ச் சென்றதைக் கண்டிருக்கிறோம். இன்று அவற்றின் இடத்தில் மோட்டார் சைக்கிள்கள். கைகள் அதே கைகள்.

கடலில் மிதக்கும் கப்பலைவிடத் தளத்தில் நிற்கும் கப்பலே தீக்கு எளிதில் இரையாகும் என்று அவர் கூறியபோது நாம் முதலில் நம்பவில்லை. காரணத்தை விளக்கினார். கடலில் கப்பல் ஒழுங்குள்ள ஊர் போன்றது. மாலுமிகள் ஒருவரையொருவர் அறிவர். தீயணைக்கும் குழாய்களில் நீர் அழுத்தத்தோடு நிற்கும். கதவுகளை அடைத்தால் தீ அந்த அறையோடு நின்றுவிடும். பழுதுபார்க்கத் தளத்துக்கு வந்ததும் இவையனைத்தும் கலைந்து போகின்றன. குழாய்கள் கழற்றப்பட்டிருக்கும். மின்கம்பிகளும் வாயுக் குழாய்களும் கதவுகளினூடே செல்வதால் கதவை அடைக்க இயலாது. பெயிண்ட், தின்னர், மரச்சாரம், எண்ணெய்த் துணி எங்கும் கிடக்கும். பத்து ஒப்பந்தக்காரர்களின் ஆள்கள் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே நேரத்தில் உள்ளே இருப்பார்கள். அமெரிக்காவின் சான்டியேகோ துறையில் 2020ஆம் ஆண்டு சூலை 12ஆம் நாள் பற்றியெரிந்த 'பானோம் ரிச்சர்ட்' என்னும் போர்க்கப்பல் இதற்குச் சான்று. பராமரிப்புக்காகக் கரையில் கட்டப்பட்டிருந்த அக்கப்பல் நான்கு நாள்களுக்கு மேல் எரிந்தது. அதிலிருந்த தீயணைப்பு நிலைகளுள் நூற்றுக்கு 87 பங்கு பழுதுற்றோ ஆய்வு செய்யப்படாமலோ இருந்தன என்று கடற்படையின் விசாரணையே கூறிற்று. உலகின் மிகச் செல்வமிக்க கடற்படையின் கப்பல் அது. கடைசியில் பழைய இரும்பாக விற்கப்பட்டது.

ஒருமுறை மார்ச் மாதப் பாதுகாப்பு வாரத்தில், ஊழியர் குடும்பத்தினரைத் தளத்தினுள் அனுமதித்தபோது நம்மையும் அழைத்துச் சென்றார். தலைக்கவசமும் கனத்த காலணியும் அணிந்து, அங்கியை முழந்தாள்வரை தூக்கிக் கட்டிக்கொண்டு நாம் ஏறிய கோலத்தைக் கண்டு சிறுவர்கள் சிரித்தார்கள். கப்பலின் அடிப்பகுதியில், அது நிலை சாயாமல் இருக்கக் கடல்நீரை நிரப்பும் அறைகள் உண்டு. பாலாஸ்ட் டேங்க் என்பர். ஒரு மனிதன் தோளைக் குறுக்கிக்கொண்டு நுழையும் அளவே அதன் வாய். உள்ளே எட்டிப் பார்த்தோம். இருள், துருவின் நெடி, கிணற்றில் பேசுவதுபோன்ற எதிரொலி.

"இதுல எண்ணெயும் இல்ல, வாயுவும் இல்ல. வெறும் டேங்க். இறங்கலாமா ஃபாதர்?" என்றார்.

"ஒன்றுமில்லாத இடத்தில் என்ன ஆபத்து?" என்றோம்.

"அந்த ஒண்ணுமில்லாததுதான் ஆளைக் கொல்லும். இரும்பு துருப்பிடிக்கிறப்போ காத்துல இருக்கிற பிராணவாயுவைத்தான் தின்னுது. ரொம்ப நாள் மூடிக்கிடந்த டேங்க்குல துரு எல்லாத்தையும் தின்னு முடிச்சிருக்கும். இறங்கினவன் ரெண்டு மூச்சுல சாய்ஞ்சிடுவான். அவனைத் தூக்கப் போறவனும் சாய்வான்."

காற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ 21 பங்கு பிராணவாயு. அது 19.5க்குக் கீழே இறங்கினால் எவரையும் உள்ளே விடமாட்டார். கூடினாலும் விடமாட்டார், வெட்டும் கருவியின் குழாயிலிருந்து பிராணவாயு கசிந்து அறையில் நிறைந்தால், உடுத்திய பருத்திச் சட்டையே ஒரு பொறியில் பந்தமாகிவிடும். அசெட்டிலின் வாயுவோ காற்றில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு கலந்தாலே வெடிக்கும். ஆகவே கயிற்றில் கட்டிய அளவுமானியை அவர் மூன்று இடங்களில் இறக்குவார்: மேலே, நடுவே, அடியில். ஏனெனில் சில வாயுக்கள் மிதக்கும். சில அடியில் படுத்துக் கிடக்கும். மேல்மட்டத்தை மட்டும் அளந்து கையெழுத்திடுபவர் கப்பலின் பாதியைத்தான் கண்டவர். காலையில் எடுத்த அளவு மாலைக்குச் செல்லாது. உணவு இடைவேளைக்குப் பின் மீண்டும் அளக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் விட நம்மைச் சிந்திக்க வைத்தது சுவரின் மறுபக்கம். கப்பலின் அறைச்சுவர் என்பது ஓர் இரும்புத் தகடே. இப்பக்கம் ஒருவன் வெல்டிங் செய்கிறான். அவன் கண் கறுப்புக் கண்ணாடிக்குள், கை நுனியில் நீலச்சுடர். அவனுக்கு உலகமே அந்த ஒரு புள்ளிதான். வெப்பமோ தகட்டைக் கடந்து அப்பக்கம் போகிறது. அங்கே அடுத்த அறையில் பூச்சு கருகுகிறது. மூலையில் மறந்துபோன சாக்கு புகைகிறது. தீ மூட்டியவனுக்குத் தான் மூட்டியது தெரியாது. ஆகவே காவலாள் ஒருவன் இப்பக்கமும் இன்னொருவன் அப்பக்கமும் நிற்க வேண்டும் என்பது விதி. வேலை நடக்கும் இடத்தைச் சுற்றி 35 அடிவரை எரியும் பொருள் எதுவும் இருத்தல் ஆகாது. வேலை முடிந்து வெல்டர் கருவிகளைச் சுருட்டிக்கொண்டு போன பின்பும் காவலாள் குறைந்தது அரைமணி நேரம் அங்கேயே அமர்ந்திருக்க வேண்டும். ஒரு மணி நேரம் என்று வைத்திருக்கும் தளங்களும் உண்டு. கண்ணுக்குத் தெரியாமல் கனன்றுகொண்டிருக்கும் ஒரு பொறி எழுந்து நிற்க அவ்வளவு நேரம் பிடிக்குமாம். இவ்விதிகள் அனைத்தும் அடங்கிய தாள்தான் ஹாட் ஒர்க் பெர்மிட் என்னும் வெப்பப்பணி அனுமதிச் சீட்டு. அதன் அடியில் அவர் கையெழுத்து விழுந்த பின்பே ஒரு தீப்பொறி கப்பலுக்குள் செல்லலாம்.

இவ்விதிகளை யாரோ ஓர் அதிகாரி மேசையில் அமர்ந்து கற்பனை செய்து எழுதிவிடவில்லை. ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. 1942 பிப்ரவரி 9ஆம் நாள், நியூயார்க் துறையில் படைவீரர்களை ஏற்றிச் செல்வதற்கென மாற்றியமைக்கப்பட்டு வந்த 'நார்மண்டி' என்னும் பெருங்கப்பலில், வெட்டும் கருவியின் பொறி அருகே குவித்திருந்த உயிர்காப்பு உடைகளின்மேல் விழுந்தது. அவற்றுள் அடைத்திருந்தது நம் ஊர்த் தலையணைகளில் அடைக்கிறோமே, அந்த இலவம்பஞ்சு. தீயை அணைக்கப் பொழிந்த நீரின் பாரத்தால் கப்பல் சாய்ந்து துறையிலேயே கவிழ்ந்தது. கப்பலில் தீ பிடித்தபின் நீரும் பகையாகலாம் என்பதை அன்று உலகம் கற்றது. 1978 அக்டோபர் 12ஆம் நாள், சிங்கப்பூரின் ஜூரோங் தளத்தில் 'ஸ்பைரோஸ்' என்ற கிரேக்க எண்ணெய்க் கப்பல் வெடித்து 76 பேர் மாண்டனர். எரிபொருள் தொட்டியில் கச்சா எண்ணெய் கலந்திருந்தது எவருக்கும் தெரியாமல், அருகே வெட்டும் வேலை நடந்தது. பிற்பகல் வேலை தொடங்கிச் சற்று நேரமே ஆகியிருந்தது. சாப்பிட்டு வந்தவர்கள்.

நமக்கு அண்மையில் நிகழ்ந்தது கொச்சியில். 2018 பிப்ரவரி 13ஆம் நாள் காலை, உலர்துறையில் பழுதுபார்க்கப்பட்டு வந்த 'சாகர் பூஷண்' என்னும் எண்ணெய்த் துரப்பணக் கப்பலில் கசிந்திருந்த வாயு வெடித்து ஐவர் இறந்தனர். இறந்தோருள் தீயணைப்பு, பாதுகாப்புப் பிரிவுகளைச் சேர்ந்தோரும் இருந்தனர். மறுநாள் திருநீற்றுப் புதன். நெற்றியில் சாம்பல் பூசிக்கொள்ள அன்று வரிசையில் வந்த நம் ஆய்வாளர், வழக்கத்துக்கு மாறாகத் திருப்பலி முடிந்தும் எழாமல் அமர்ந்திருந்தார். "அசெட்டிலினுக்குப் பூண்டு மாதிரி ஒரு வாசனை உண்டு ஃபாதர். அந்த வாசனை வந்தா எல்லாரும் வெளியே ஓடணும். எங்க ஆளு மட்டும் உள்ளே போகணும்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

இதுவரை எழுதியது அவருடைய தொழில். இனி எழுதப்போவது அவர் நம்மிடம் கொண்டுவந்த கேள்வி. அவர் பணியிலிருந்த கடைசி ஆண்டுகளில் ஒருநாள் மாலை பங்கு இல்லத் திண்ணையில் கேட்டது அது. ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டிருந்தால் இங்கே ஒரு சொல்லும் இடம்பெற்றிராது. சம்பந்தப்பட்ட இரு குடும்பத்தாரின் இசைவோடுதான் எழுதுகிறோம்.

நம் பங்கின் அன்பியம் ஒன்றில் அவரும் ஒரு வெல்டரும் அடுத்தடுத்த தெருவினர். வெல்டர் ஒப்பந்தக் கூலி; வேலை உண்டெனில் ஊதியம் உண்டு. இருவருக்கும் ஒரே தளம். ஒரு சனிக்கிழமை, பன்னிருவர் கொண்ட குழு ஒரு டேங்கில் வேலை செய்ய ஆயத்தமாக நின்றது. இரவு முழுவதும் வாயுக் குழாய் ஒன்று உள்ளேயே விடப்பட்டிருந்ததை ஆய்வாளர் கண்டார். பணி முடிந்ததும் குழாயை மூலத்திலேயே கழற்றி வெளியே எடுத்துவிட வேண்டும் என்பது விதி. அளவுமானி சற்றே ஏறிக் காட்டியது. வெடிக்கும் அளவுக்கு வெகு கீழேதான். மேற்பார்வையாளர் வற்புறுத்தினார். "கொஞ்ச நேரம் காத்தோட்டம் விட்டா சரியாயிடும்" என்றார். ஆய்வாளர் குழாயை வெளியேற்றச் சொல்லி, காற்றுக் கருவியை ஓடவிட்டு, கசிவு எங்கே என்று தெரியும்வரை கையெழுத்திட முடியாதென்றார். தெரிய மாலையாயிற்று. பன்னிருவரும் கூலியின்றித் திரும்பினர். மகளின் பள்ளிக் கட்டணத்துக்குத் திங்கட்கிழமை கெடு வைத்திருந்தவர் அந்த வெல்டர்.

மறுநாள் திருப்பலியில், சமாதான வாழ்த்துப் பகிரும் நேரத்தில் ஆய்வாளர் கைகூப்பித் திரும்பினார். வெல்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பீடத்திலிருந்து நாமே அதைக் கண்டோம்.

"ஃபாதர், நான் போட்ட கையெழுத்தால ஒருத்தனுக்கும் சேதமில்ல. ஆனா போடாத கையெழுத்து எத்தனை வீட்டு அடுப்பை அணைச்சிருக்கு தெரியுமா? வெடிச்சிருக்கும்னு என்னால நிரூபிக்க முடியாது. அவன் பொண்ணு ஃபீஸ் கட்டலேங்கிறது மட்டும் நிஜம். நான் செஞ்சது சரியா, பாவமா?"

உடனே விடை சொல்லிவிடலாம்தான். உயிரா, ஒருநாள் கூலியா என்றால் தராசு எப்பக்கம் சாயும் என்பதற்கு இறையியல் பட்டம் தேவையில்லை. ஆனால் அவர் அதைக் கேட்கவில்லை. நிகழாத சாவுக்காக நிகழ்ந்த பசியை ஒருவன் மேல் சுமத்தும் உரிமை தமக்கு எங்கிருந்து வந்தது என்றே கேட்டார்.

இறைவாக்கினர் எசேக்கியேல் நூலில் நகர்க்காவலன் பற்றிய பகுதியை நாம் பலமுறை மறையுரையில் விளக்கியிருக்கிறோம். வாள் வருவதைக் கண்டும் எக்காளம் ஊதாத காவலனிடம் மாண்டவரின் இரத்தப்பழி கேட்கப்படும் என்பது அதன் சாரம். ஊதினால் அவன் பழியற்றவன். அவ்வகையில் ஆய்வாளர் பழியற்றவரே. ஆயினும் அன்று மாலை அப்பகுதியை மீண்டும் எடுத்து வாசித்தபோது, அதில் எழுதப்படாத ஒரு காட்சி நம் கண்முன் நின்றது. எக்காளம் ஒலித்ததும் மதிலுக்கு வெளியே வயலில் அறுத்துக்கொண்டிருந்தவன் அரிவாளைப் போட்டுவிட்டு ஓடிவந்திருப்பான். அன்று வாள் வராமல் வேறு பக்கம் திரும்பிப் போயிருக்கலாம். அவன் கதிர் களத்தில் கெட்டிருக்கும். அவனுடைய ஒருநாள் உணவுக்கு யார் பொறுப்பு? ஊதியவனா, ஓடிவந்தவனா, அல்லது எவருடைய காப்புக்காகக் காவலன் நிறுத்தப்பட்டானோ அந்த நகரத்தார் அனைவருமா?

இக்கேள்விக்குத் திருச்சபையின் சமூகப் படிப்பினையில் ஓர் ஒளி உண்டு. திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல் 1981ஆம் ஆண்டு வெளியிட்ட 'லபோரெம் எக்செர்சென்ஸ்' என்னும் சுற்றுமடல் உழைப்பைப் பற்றியது. உடல்நலத்துக்குக் கேடு செய்யாத பணிச்சூழல் தொழிலாளரின் உரிமை என்று அது கூறுகிறது. இது பலரும் அறிந்தது. அதனினும் கூர்மையான கருத்து ஒன்றும் அதில் உண்டு. தொழிலாளிக்கு நேரடி முதலாளி ஒருவர் உண்டு; அவரைத் தவிர, அவர் கொடுக்கும் கூலியையும் விதிக்கும் நிபந்தனையையும் திரைக்குப் பின்னிருந்து தீர்மானிக்கிற மறைமுக முதலாளியும் உண்டு என்கிறது அம்மடல். நிறுவனங்கள், ஒப்பந்தங்கள், அரசு, பொருளாதார முறை ஆகிய யாவும் இதில் அடங்கும். அநீதிக்கான பொறுப்பு அவர்களையும் சாரும்.

இதை ஏட்டிலிருந்து மட்டும் சொல்லவில்லை. அக்குழுவின் ஒப்பந்தக்காரரிடமே பேசிப் பார்த்தோம். நல்லவர், அவரும் ஒருகாலத்தில் வெல்டராக இருந்தவர்தான். அனுமதி கிடைக்காத நாளில் ஆள்களுக்குப் பாதிக் கூலியேனும் கொடுக்கலாகாதா என்றோம்.

"டெண்டர்ல அதுக்கு ஒரு வரி கிடையாது ஃபாதர். நான் அந்த வரியைச் சேர்த்தா என் ரேட்டு கூடும். சேர்க்காதவனுக்கு வேலை போயிடும்" என்றார்.

ஒரு வரி. பன்னிரண்டு குடும்பங்களின் சனிக்கிழமை உணவு ஓர் ஒப்பந்தத் தாளில் இல்லாத ஒரு வரியில் தொங்குகிறது. கப்பலின் உரிமையாளர் குறித்த நாளில் கப்பலைக் கேட்கிறார், தாமதித்தால் அபராதம். தளம் அதை ஒப்பந்தக்காரர்மேல் இறக்குகிறது. அவர் மேஸ்திரிமேல் இறக்குகிறார். இறங்கி இறங்கி அந்தப் பாரம் கடைசியில், டேங்கின் வாயருகே எதிரெதிரே நிற்கும் இரு மனிதர்களின் இடையே வந்து விழுகிறது. ஒருவன் கையில் அளவுமானி; மற்றவன் கையில் வெல்டிங் கருவி. இருவரும் ஒரே பீடத்தில் நற்கருணை வாங்குகிறவர்கள். அவ்விருவரும் ஒருவரையொருவர் வெறுத்துக்கொண்டால் மேலே உள்ள எவருக்கும் ஒரு காசு செலவில்லை. எனவே ஆய்வாளரிடம் நாம் சொன்னது இதுதான்: "நீங்கள் செய்தது பாவமன்று. ஆனால் அதற்குரிய விலையை ஏழை கொடுக்க நேர்ந்தது அநீதி. அந்த அநீதி உங்களுடையதும் அன்று, அவருடையதும் அன்று."

முழு ஆறுதல் அடைந்தார் என்று சொல்வதற்கில்லை.

அடுத்த வார அன்பியக் கூட்டத்தில் பெயர் குறிப்பிடாமல் இதைப் பேச்சுக்கு எடுத்தோம். எல்லாருக்கும் தெரிந்துதான் இருந்தது. ஒரு முதியவர், "எல்லாம் கடவுள் பார்த்துக்குவார். இத்தனை காகிதமும் மீட்டரும் எதுக்கு?" என்றார். நம்மவரிடையே இப்பேச்சு பக்தி போலத் தோன்றும். ஆனால் ஆலயத்தின் உச்சியில் நின்று, குதியும், வானதூதர் தாங்கிக்கொள்வர் என்று ஆண்டவரிடம் சொன்னவன் யார் என்பதை நினைவூட்டினோம். அவசரப்படும் மேற்பார்வையாளர்களின் பேச்சு பெரும்பாலும் அந்தச் சாயலில்தான் இருக்கிறது. ஆண்டவர் குதிக்கவில்லை. 1948ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தொழிற்சாலைச் சட்டமே, நச்சு வாயு இருக்கக்கூடிய அடைபட்ட இடத்தினுள் ஆளை அனுப்புமுன் தகுதியுள்ள ஒருவரின் எழுத்துமூலச் சான்று வேண்டும் என்று விதித்தது. அச்சான்றும் ஒருவகையில் நம்பிக்கையின் செயல்தான். படைத்தவர் தந்த அறிவை மதிப்பது அது.

பின்னர் வெல்டரின் மனைவி பேசினார். அவர் அதுவரை தலைகுனிந்து அமர்ந்திருந்தார். "அண்ணன் தடுத்தது தப்புன்னு நான் சொல்லல ஃபாதர். வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை, 'இதுக்காகத்தான்மா நிறுத்தினேன்'னு சொல்லியிருந்தா, அவரு இவ்வளவு கோபப்பட்டிருக்க மாட்டாரு" என்றார். கூட்டத்தில் ஒலியே இல்லை. ஆய்வாளர் எழுந்து, தம் தொழிலில் காரணத்தைத் தாளில் எழுதித்தான் பழக்கம், வாயால் சொல்லிப் பழக்கமில்லை என்றார். அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை, அனுமதி மறுத்த நாள்களில் குழுவினரை நிறுத்தி, அளவுமானியை அவர்களிடமே காட்டிவிட்டுத்தான் அனுப்பினாராம். கூலி கிடைத்துவிடவில்லை. வின்சென்ட் தே பவுல் சபையினர் அம்மாதப் பள்ளிக் கட்டணத்தைக் கட்டினார்கள். அது அன்புச் செயல். நீதி இன்னும் அந்த ஒரு வரிக்காகக் காத்திருக்கிறது.

தளங்களின் வாசலில் ஒரு பலகை வைத்திருப்பார்கள்: விபத்தின்றிக் கழிந்த நாள்கள் இத்தனை என்று. நமக்கு அப்பலகையில் அத்துணை நம்பிக்கையில்லை. எண்ணைக் காப்பாற்றுவதற்காகச் சிறு காயங்களை மறைக்கும் ஆசையை அது தூண்டிவிடும். அனுமதி மறுக்கப்பட்ட நாள்கள் இத்தனை என்று ஒரு பலகை வைத்தால் அதை நின்று வாசிப்போம்.

மே முதல் நாள் நாம் தொழிலாளரின் காவலரான புனித சூசையப்பரைக் கொண்டாடுகிறோம். கையில் இழைப்புளியோடு அவரைச் சித்திரிக்கிறோம். மத்தேயு நற்செய்தியில் அவர் இழைப்புளி பிடித்ததைக் காண முடியாது. நள்ளிரவில் எழுந்து குழந்தையையும் தாயையும் அழைத்துக்கொண்டு எகிப்துக்கு ஓடியதைத்தான் காண்கிறோம். பட்டறையைப் போட்டுவிட்டுப் போனவர் எத்தனை நாள் கூலியை இழந்தாரோ! அவரிடத்தில் காவலனும் கூலியாளும் ஒருவரே. தடுத்தவரும் அவரே, இழந்தவரும் அவரே. அவர் பேசிய சொல் ஒன்றுகூட நற்செய்தியில் இல்லை. தீத்தடுப்பு ஆய்வாளர்களுக்குப் பாதுகாவலர் யார் என்று ஒருவர் கேட்டார். மேனாட்டினர் தீயணைப்போருக்குப் புனித புளோரியானைச் சொல்வர். நாம் சூசையப்பரே போதும் என்றோம்.

ஒவ்வோர் ஆண்டும் பாஸ்கா திருவிழிப்பு இரவில் ஆலய முற்றத்தில் புதுத் தீயை மூட்டி மந்திரிக்கிறோம். காய்ந்த தென்னை மட்டையும் விறகும் ஓங்கி எரியும். சுற்றிலும் கையில் மெழுகுவர்த்தியோடு மக்கள், நைலான் சேலைகள், ஓடித் திரியும் குழந்தைகள், மேலே தோரணக் காகிதங்கள். ஆய்வாளர் இரு வாளிகளில் மணலும் ஒரு வாளியில் நீரும் வைத்துக்கொண்டு ஓரமாக நிற்பார். பாஸ்கா திரியில் சுடர் ஏற்றி, இருள் சூழ்ந்த ஆலயத்துக்குள் நாம் பவனியாக நுழைவோம். எல்லாரும் பின்தொடர்வர். அவர் வரமாட்டார். மிஞ்சிய தணலருகே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு அமர்ந்துவிடுவார். உள்ளே பாஸ்காப் புகழுரை பாடப்படும்; படைப்பின் வரலாறும் செங்கடல் கடந்த வரலாறும் வாசிக்கப்படும். இத்தனை ஆண்டுகளில் அப்புகழுரையை அவர் உள்ளிருந்து முழுவதும் கேட்டதில்லை. சென்ற ஆண்டு, உள்ளே வந்து உட்காருங்கள், உபதேசியாரைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறோம் என்று முன்கூட்டியே சொல்லிப் பார்த்தோம். "இன்னும் அரைமணி ஆகல ஃபாதர்" என்றார். வானவர் கீதம் தொடங்கி மணிகள் எல்லாம் ஒன்றாய் ஒலிக்கும் வேளையில்தான், கையில் ஒட்டிய மணலைத் தட்டியவாறு பக்கவாசல் வழியே உள்ளே வந்தார்.